வெள்ளைப் படிவம் போய்விட்டது, ஃப்ளூரைடு போய்விட்டதா?

பாலக்கோடு வட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து முப்பத்து நான்கு வயதுப் பெண்மணி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கத்தை முதலில் தருகிறேன். அவர் குடும்பம் இரண்டு ஆண்டுகளுக்கு முன் சொந்த வீடு கட்டி, ஏறத்தாழ 700 அடி ஆழத்துக்குப் போர்வெல் போட்டு அந்தத் தண்ணீருக்கு மாறியிருக்கிறது. பாத்திரமெல்லாம் வெள்ளையாகப் படிந்தது, பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை. சென்ற ஆண்டு கணவருக்குச் சிறுநீரகத்தில் 5 மில்லிமீட்டர் அளவில் கால்சியம் ஆக்ஸலேட் கல் கண்டறியப்பட்டது. ‘சப்பைத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புதான் கல்லாகிறது’ என்று அக்கம்பக்கத்தார் சொன்னதை நம்பி வீட்டில் பால், களி, கீரை அனைத்தையும் எல்லோருக்குமே நிறுத்திவிட்டார்கள். எட்டு மாதங்களுக்கு முன் வீடு முழுவதற்குமாக, கடினநீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் கருவி ஒன்றும் பொருத்தினார்கள். இப்போது படிவம் இல்லை, பருப்பும் வேகிறது. ஆனால் ஒன்பது வயது மகனின் முன்பற்களில் சுண்ணக்கோடு போன்ற வெள்ளை வரிகளும் பழுப்புத் திட்டுகளும் தெரிகின்றன. மாமியாருக்குக் கழுத்தும் முதுகும் இறுகிக் குனிய முடியவில்லை. 66 வயது மாமனாருக்கு மாத்திரை சாப்பிட்டும் இரத்த அழுத்தம் ஏறுகிறது; உறவினர் ஒருவர் ‘சோடியம் குறைந்த உப்பு’ வாங்கித் தந்திருக்கிறார். பால் பாத்திரம் கழுவிய ஈரத்தோடு அடுப்பில் ஏறினால் நீலச்சுடர் மஞ்சளாகிறது. இவை எல்லாவற்றுக்கும் சாஃப்ட்னர்தான் காரணமா, அதைக் கழற்றிவிட்டுப் பக்கத்து வீட்டார் சொல்வதுபோல் தரைத்தொட்டியில் சுட்ட சுண்ணாம்பு போடலாமா, விற்றவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரி, சாஃப்ட்னர் விற்றவர் கொடுத்த பரிசோதனைச் சீட்டின் நகலை நீங்கள் இணைத்திருந்தது பெரிய உதவி. கடினத்தன்மை லிட்டருக்கு 480 மில்லிகிராம், கால்சியம் 96, மெக்னீசியம் 58, நீரில் கரைந்துள்ள உப்புகளின் கூட்டளவான மொத்தக் கரைபொருள் 1150 என்று அதில் இருக்கிறது. சாஃப்ட்னருக்குப் பின் கடினத்தன்மை 30 ஆகக் குறைந்திருக்கிறது; ஆனால் மொத்தக் கரைபொருள் 1170 ஆகச் சற்றே கூடியிருக்கிறது. இந்த இரண்டாவது எண்ணை யாரும் உங்களுக்கு விளக்கவில்லை. அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளூரைடு என்ற வரியே சீட்டில் இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்த ஒரு வரி இல்லாத குடிநீர்ச் சீட்டை நான் முழுமையானதாகக் கருதுவதில்லை.

சாஃப்ட்னர் செய்வது என்ன

சோடியமும் பொட்டாசியமும் கார உலோகங்கள் எனப்படும் குடும்பத்தைச் சேர்ந்தவை. மெக்னீசியமும் கால்சியமும் அதற்கு அடுத்த காரமண் உலோகக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நீரில் கரைந்திருக்கும்போது முதல் குடும்பத்தினருக்கு ஒற்றை மின்னூட்டமும் இரண்டாம் குடும்பத்தினருக்கு இரட்டை மின்னூட்டமும் உண்டு. சோடியம் எதனோடு சேர்ந்தாலும் பெரும்பாலும் கரைந்தே கிடக்கும். கால்சியமோ கார்பனேட், ஆக்ஸலேட், ஃப்ளூரைடு போன்றவற்றைச் சந்தித்தால் இறுகப் பற்றிக்கொண்டு திடப்பொருளாகப் படிந்துவிடும். உங்கள் பாத்திரத்தின் வெள்ளைப் படிவம் நீரைக் கொதிக்க வைக்கும்போது பைகார்பனேட் பிரிந்து உருவாகும் கால்சியம் கார்பனேட்டுதான். எலுமிச்சைச் சாறோ புளிக்கரைசலோ ஊற்றினால் நுரைத்துக் கரைவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். கணவரின் கல்லும் கால்சியத்தின் இதே பழக்கத்தால் வந்ததுதான். ஆனால் அந்தப் பழக்கம் எந்த இடத்தில் நடக்கிறது என்பதைப் பொறுத்தே அது நன்மையா தீமையா என்று சொல்ல முடியும்.

சாஃப்ட்னருக்குள் இருக்கும் பிசின் மணிகள் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, அவற்றுக்கு ஈடாகச் சோடியத்தை நீரில் விடுகின்றன. அது உப்பை அகற்றும் கருவி அன்று, ஓர் உப்பைக் கொடுத்து இன்னோர் உப்பை வாங்கும் கருவி. மொத்தக் கரைபொருள் குறையாததற்குக் காரணம் இதுவே. கடினத்தன்மையில் 100 மில்லிகிராம் குறைந்தால் 46 மில்லிகிராம் சோடியம் சேரும். உங்கள் வீட்டில் 450 குறைந்திருப்பதால், முன்பே இருந்ததற்கு மேல் லிட்டருக்கு 207 மில்லிகிராம் சோடியம் கூடியிருக்கிறது. குடிப்பதும் சமைப்பதுமாக ஒருவர் நாளொன்றுக்கு 3 லிட்டர் பயன்படுத்தினால், ஒன்றரை கிராம் சமையல் உப்பை அவர் அறியாமலே கூடுதலாக உட்கொள்கிறார். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு சேர்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை நினைத்துப் பார்த்தால் இது சிறிய அளவு அன்று. மாமனாரின் அழுத்தம் ஏறியதற்கு இது மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு காரணமாக இருக்க வாய்ப்புண்டு. மஞ்சள் சுடருக்கும் சோடியமே காரணம். அது வெப்பத்தில் வெளியிடும் ஒளியின் நிறம் அதுதான். பழைய தெருவிளக்குகளின் மஞ்சளும் அதனுடையதே. அதில் நஞ்சு ஏதும் இல்லை, அஞ்ச வேண்டாம்.

இனி ஃப்ளூரைடுக்கு வருகிறேன். சாஃப்ட்னரில் உள்ள மணிகள் நேர்மின்னூட்டம் உள்ளவற்றை மட்டுமே மாற்றும். ஃப்ளூரைடு எதிர்மின்னூட்டம் உடையது. அது உள்ளே போனபடியே வெளியே வருகிறது. நம் பகுதியின் அடித்தளப் பாறைகளில் உள்ள கருப்பு அபிரகம், அபடைட் போன்ற கனிமங்களிலிருந்து ஃப்ளூரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. ஆழத்தில் நீர் நீண்டகாலம் பாறையோடு ஊறிக் கிடக்கும்போது, கால்சியத்தின் ஒரு பகுதி சுக்கான் கல்லாக மண்ணிலேயே படிந்துவிட, சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த காரத்தன்மையுள்ள நீர் எஞ்சுகிறது. அந்த நீரில் ஃப்ளூரைடைப் பிடித்து வைக்க ஆள் இல்லை. கால்சியம் ஃப்ளூரைடு ஒரு லிட்டர் நீரில் சுமார் 16 மில்லிகிராம்தான் கரையும். சோடியம் ஃப்ளூரைடோ 40 கிராம் வரை கரையும். அதனால்தான் நாக்குக்கு இதமான, நன்றாக நுரைக்கும் ஆழ்துளை நீர் பல ஊர்களில் அதிக ஃப்ளூரைடு உள்ள நீராக இருக்கிறது. அப்படியானால் கடினநீர் உள்ள வீட்டில் கவலை இல்லையா என்றால், அதுவும் பிழை. உங்கள் நீரில் உள்ள 96 மில்லிகிராம் கால்சியத்தோடும் 2 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளூரைடு கரைந்திருக்க முடியும். இந்தியத் தர அமைப்பின் குடிநீர் நெறி ஏற்கும் அளவு 1 மில்லிகிராம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் உச்சவரம்பு 1.5. படிவத்தைப் பார்த்தோ சுவையைப் பார்த்தோ மொத்தக் கரைபொருளை அளக்கும் டிடிஎஸ் கருவியைக் காட்டியோ இதை யாராலும் சொல்ல முடியாது. கொதிக்க வைத்தாலும் ஃப்ளூரைடு போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.

பல்லும் முதுகும் எப்போது பழுதாயின

சாஃப்ட்னர் வந்த பிறகே மகனின் பற்கள் கறைபட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதமே இதை மறுக்கிறது. நிலையான முன்பற்களின் எனாமல் ஈறுக்குள் இருக்கும்போதே, ஏறத்தாழ நான்கைந்து வயதுக்குள் உருவாகி முடிந்துவிடும். பல் வெளியே வருவதோ ஆறு முதல் எட்டு வயதில். மகனுக்கு ஐந்து வயது ஆகும் வரை பென்னாகரம் பக்கத்தில் உங்கள் பிறந்த வீட்டில் இருந்ததாகவும், அங்கே அடிபம்புத் தண்ணீர் குடித்ததாகவும் வேறோர் இடத்தில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இவை ஃப்ளூரைடுத் திட்டுகள்தான் என்று பல் மருத்துவர் உறுதி செய்தால், அவை அந்த அடிபம்பின் பதிவாகவே இருக்கும். இது உங்கள் தவறு என்று மனம் வருந்தாதீர்கள். ஃப்ளூரைடு மிகுதியால் பல்லும் எலும்பும் பழுதாகும் ஃப்ளூரோசிஸ் என்னும் இந்நோய் நம் நாட்டில் 1937-இலேயே அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் விவரிக்கப்பட்டது, இன்றும் நீரைப் பார்த்து அதை அறிய எவராலும் இயலவில்லை. இந்தத் திட்டுகள் சொத்தை அல்ல. சாம்பல், கரித்தூள், அமிலம் எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகா, எனாமல்தான் தேயும். பிற்காலத்தில் அவன் விரும்பினால் பல் மருத்துவர் மேற்பரப்பை மெருகேற்றியோ பல் நிறப் பூச்சுக் கொடுத்தோ மறைக்க முடியும்.

என் கவலை உங்கள் மூன்று வயது மகளைப் பற்றியது. அவளுடைய நிலையான பற்கள் இப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கின்றன. எட்டு வயது வரை அவள் குடிக்கும் நீரை நீங்கள் தீர்மானிக்கலாம். பற்பசை அரிசி மணி அளவு போதும். அவள் அதை விழுங்காமல் நீங்கள் அருகில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாமியாரின் இறுக்கமும் எட்டு மாதத்தில் வந்திருக்க முடியாது. ஃப்ளூரைடு எலும்பிலும் தசைநார்களிலும் பல ஆண்டுகளாகச் சேர்ந்த பிறகே முதுகும் கழுத்தும் இறுகும். ஆனால் அந்த வயதில் முதுகெலும்புத் தேய்மானமும் வைட்டமின் டி குறைவும் இதேபோல் தோன்றலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பியல் பிரிவில் காட்டி, முதுகோடு முன்கையையும் இடுப்பையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். முன்கையின் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான சவ்வில் கால்சியம் படிந்திருந்தால் அது ஃப்ளூரோசிஸைக் காட்டும் நல்ல அடையாளம். சிறுநீரிலும் ஃப்ளூரைடை அளக்கலாம்.

கல்லுக்குப் பயந்து கால்சியத்தை நிறுத்தியது

இந்த முடிவைத்தான் உடனே மாற்றிக்கொள்ளச் சொல்வேன். உணவில் உள்ள ஆக்ஸலேட்டும் கால்சியமும் குடலிலேயே சந்தித்தால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடும். கால்சியம் இல்லாத உணவில் ஆக்ஸலேட் தனியாக இரத்தத்துக்குள் போய், சிறுநீரகத்தில் அங்குள்ள கால்சியத்தைச் சந்திக்கிறது. குடலில் நடக்க வேண்டிய சந்திப்பைச் சிறுநீரகத்துக்கு மாற்றிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்தாலியில் அடிக்கடி கல் வந்த 120 ஆண்களை ஐந்து ஆண்டுகள் கண்காணித்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், கால்சியத்தைக் குறைத்து உண்ட 60 பேரில் 23 பேருக்கு மீண்டும் கல் வந்தது. வழக்கமான அளவு கால்சியம் உண்டு, உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்கே வந்தது. உப்பைக் குறைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். சோடியம் கூடினால் சிறுநீரில் கால்சியம் அதிகமாக வெளியேறும். ஆகவே கல்லைத் தடுக்க வாங்கிய சாஃப்ட்னரின் நீர், குடிநீர் என்ற அளவில் உங்கள் கணவருக்குக் கேடாகவே அமையக்கூடும்.

இழந்ததைக் கணக்கிட்டால் இன்னும் தெளிவாகும். பழைய நீர் 3 லிட்டரில் 288 மில்லிகிராம் கால்சியம் இருந்தது; அது நின்றது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது, அதுவும் நின்றது. பாலும் நின்றது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்குத் தேவை 1000 மில்லிகிராம். கால்சியம் போதாத உடலில் ஃப்ளூரைடு செய்யும் கேடு மிகும் என்பதால், மாமியாருக்கும் குழந்தைகளுக்கும் இந்த நிறுத்தம் இரட்டை நட்டம். கேழ்வரகு விளையும் மாவட்டத்தில் இருந்துகொண்டு களியைக் கைவிட வேண்டிய தேவையே இல்லை. கணவருக்குப் பாலும் மோரும் உணவோடு சேர்த்துக் கொடுங்கள். பாலக் போன்ற ஆக்ஸலேட் மிகுந்த கீரையை மட்டும் அவர் குறைத்துக்கொள்ளட்டும். நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்கு அவர் நீர் பருக வேண்டும். வெயிலில் வேலை செய்பவர் என்றால் அதற்கு மூன்றரை லிட்டராவது குடிக்க வேண்டியிருக்கும்.

மாமனாரின் உப்பு

சோடியம் குறைந்த உப்பில் சோடியம் குளோரைடின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்பட்டிருக்கும். பொதுவாக அது நல்ல யோசனையே. உலக சுகாதார நிறுவனமும் 2025 ஜனவரியில் அதைப் பரிந்துரைத்தது. ஆனால் அந்தப் பரிந்துரை சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பொருந்தாது என்று அதுவே சொல்கிறது. மாமனார் சாப்பிடும் டெல்மிசார்டான், ஸ்பைரோனோலாக்டோன் ஆகிய இரண்டும் உடலில் பொட்டாசியத்தைத் தங்கவைக்கும் மருந்துகள். அவற்றோடு பொட்டாசியம் உப்பும் சேர்ந்தால், இரத்தத்தில் அதன் அளவு எந்த அறிகுறியும் காட்டாமல் ஏறி இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடும். எனவே அந்த உப்பை இன்றே நிறுத்துங்கள், மாத்திரைகளை நிறுத்தாதீர்கள். இந்த வாரத்துக்குள் இரத்தத்தில் பொட்டாசியம், சோடியம், கிரியேட்டினின் மூன்றையும் பார்த்து, மருந்து எழுதிய மருத்துவரிடம் காட்டுங்கள். இடையில் இந்துப்புக்கு மாறிவிடலாமா என்று கேட்பீர்கள் என்று தெரியும், எல்லோரும் கேட்கிறார்கள்: அதுவும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான், அயோடின் சேர்க்கப்படாதது வேறு. சாதாரண அயோடின் உப்பையே குறைவாகப் போடுங்கள். ஊறுகாயையும் அப்பளத்தையும் ஒதுக்குங்கள்.

சுண்ணாம்பு யோசனை

வேண்டாம். சுட்ட சுண்ணாம்பு நீரைத் தொட்டதும் கொதிக்கும் அளவுக்குச் சூடாகும். நீற்றிய பின்னும் அது கடுங்காரம். மூன்று வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் அது கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். அமிலத்தைவிடக் காரம் விழிக்குள் ஆழமாக ஊடுருவும். எங்கேனும் அப்படி நேர்ந்தால் ஒரு நொடியும் தாமதியாமல், கிடைக்கும் நல்ல தண்ணீரால் அரை மணி நேரம் இடைவிடாமல் கழுவிவிட்டு, இமைக்குள் ஒட்டிய துகளையும் அகற்றிய பிறகே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். பக்கத்து வீட்டாரின் யோசனையில் ஓர் உண்மையும் கலந்திருக்கிறது. சுண்ணாம்பு பைகார்பனேட் கடினத்தன்மையைப் படியவைக்கும். ஃப்ளூரைடையும் ஓரளவு பிடிக்கும். ஆனால் கால்சியம் ஃப்ளூரைடு கரையும் அளவின்படி பார்த்தால், கூடுதலாகச் சுண்ணாம்பு கொட்டாதவரை 8 மில்லிகிராமுக்குக் கீழே அது இறங்காது. கொட்டினால் நீர் குடிக்கத் தகாத காரமாகிவிடும். அதனால்தான் நீரிலிருந்து ஃப்ளூரைடை நீக்கும் நல்கொண்டா முறையில் படிகாரமும் சுண்ணாம்பும் அளந்து சேர்க்கப்படுகின்றன. அந்த அளவை ஆய்வக எண்களைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும், கண்ணளவில் முடியாது.

இனி என்ன செய்யலாம்

உங்கள் தெருவில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது என்றும், குளோரின் வாடையால் அதை விட்டுவிட்டீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஜப்பானிய நிதியுதவியோடு கட்டப்பட்டு 2013-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளூரோசிஸ் பாதிப்புத் தணிப்பு என்பது இருக்கிறது. நம் இரு மாவட்டங்களுக்கும் காவிரி நீர் கொண்டுவரப்பட்டதன் ஒரு முக்கியக் காரணமே இதுதான். திறந்த பாத்திரத்தில் இரவு முழுவதும் மூடுதுணி கட்டி வைத்தால் வாடை பெரும்பாலும் போய்விடும். ஆறு பேர் குடிக்கவும் சமைக்கவும் இரண்டு நாளைக்கு மூன்று குடம் போதும். சமையலுக்கும் என்று அழுத்திச் சொல்கிறேன். சோற்றிலும் களியிலும் ஊற்றும் நீர் அப்படியே உணவுக்குள் தங்கிவிடுவதால், குடிநீரை மட்டும் மாற்றுவது பாதி வேலை.

சாஃப்ட்னரைக் கழற்ற வேண்டியதில்லை. குளியலுக்கும் துணிக்கும் அது நல்ல கருவி. அடுக்களைக் குழாயை மட்டும் பிளம்பரிடம் சொல்லிப் பிரித்துவிடுங்கள். அதைக் கழுவிவிடும்போது வெளியேறும் உப்பு நீர் முருங்கை மரத்தடிக்குப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். மரம் வாடுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம், அந்த ஓட்டத்தைத் திருப்பிவிடுங்கள்.

போர்வெல் நீரை மாவட்டத் தலைநகரில் உள்ள தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சாஃப்ட்னருக்கு முந்தைய குழாயில், அதே நீரால் அலசிய பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு லிட்டர் பிடிக்க வேண்டும். கண்ணாடி பாட்டில் வேண்டாம். ஃப்ளூரைடு, சோடியம், நைட்ரேட், காரத்தன்மை ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பிறந்த வீட்டு அடிபம்பு இன்னும் பயன்பாட்டில் இருந்தால் அதற்கும் தனியாக ஒரு பாட்டில் கொடுங்கள். ஒகேனக்கல் நீர் நாள்கணக்கில் நிற்கும் ஊர் என்றால் மட்டுமே ஆர்.ஓ. கருவியைப் பற்றி யோசிக்கலாம். அது ஃப்ளூரைடின் பெரும்பகுதியை நீக்கும், கூடவே கால்சியத்தையும் நீக்கும். ஆகவே தட்டில் களியும் மோரும் இருக்க வேண்டும். ‘ஆல்கலைன்’ என்ற பெயரில் விற்கும் சாடிகளுக்குச் செலவிடாதீர்கள். நம் ஆழ்துளை நீரின் சிக்கலில் ஒரு பாதி அதன் காரத்தன்மைதான். ரசத்திலும் குழம்பிலும் புளி தொடரட்டும். ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சிறுவர்களிடம் செய்த ஒரு சிறிய ஆய்வில், நாளொன்றுக்கு 10 கிராம் புளி உண்டபோது சிறுநீரில் ஃப்ளூரைடு வெளியேற்றம் கூடியது. அதை மருந்தாக எண்ணி நீரை மாற்றாமல் விட்டுவிட வேண்டாம்.

பணத்தைப் பற்றி நான் வழக்குரைஞர் அல்லாத அளவில் சொல்கிறேன். கடினத்தன்மையைக் குறைப்பதாகச் சொல்லி விற்றிருந்தால் கருவி சொன்னதைச் செய்திருக்கிறது. ‘எல்லாத் தீய உப்புகளையும் நீக்கிக் குடிநீராக்கும்’ என்று துண்டறிக்கையில் அச்சிட்டிருந்தால் நிலை வேறு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். 1915 என்ற உதவி எண்ணிலும் கேட்கலாம். ரசீதையும் துண்டறிக்கையையும் பத்திரப்படுத்துங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது என்பதை அறிவேன். மாமனாரின் இரத்தப் பரிசோதனை முதலில் நடக்கட்டும். தண்ணீர் பாட்டிலை அதற்கடுத்த நாள் கொடுத்தால் போதும். அறிக்கையில் ஃப்ளூரைடு 1.5-க்கு மேல் இருந்தால், அதே போர்வெல் நீரைக் குடத்தில் எடுத்துச் செல்லும் பக்கத்து வீட்டாருக்கும் அந்தத் தாளைக் காட்டுங்கள்; அவர்கள் வீட்டில் எட்டு வயதுக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.